காலில் சிலந்தி வலை போல நரம்பு: எதை விடலாம், எதை விடக் கூடாது?

உடல்நலம் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்குத் தொடையில், ஒருவருக்குக் கணுக்காலில், ஒருவருக்கு முகத்தில், இன்னொருவருக்கு மார்பில். எல்லோரும் பார்த்தது தோலுக்கு அடியில் தெரியும் மெல்லிய ரத்தக்குழாயைத்தான். ஆனால், நான்குக்கும் பதில் வேறு வேறு. அதனால் நான்கையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

"எனக்கு 36 வயது. நடவு, களையெடுப்பு, மணிலா ஆய்வது என்று வருடத்தில் பாதி நாள் கூலி வேலைக்குப் போகிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நீலமும் சிவப்புமாக மெல்லிய கோடுகள் படர்ந்திருக்கின்றன. மருந்துக் கடையில் 'சிலந்தி நரம்பு' என்றார்கள். அதைக் கேட்ட என் மாமியார், 'அது நரம்புச் சிலந்தி. உள்ளே புழு இருக்கும். கீறிச் சுற்றி எடுக்கணும்' என்கிறார். கீறி விடுகிற ஒருவரிடம் அழைத்துப் போகவும் நாள் பார்த்துவிட்டார். போகலாமா?"
– வாசகி, வெம்பாக்கம்.

போக வேண்டாம் அம்மா. கீறவும் வேண்டாம்.

ஆனால், உங்கள் மாமியார் சொன்னது கட்டுக்கதை அல்ல. அவர் காலத்தில் 'நரம்புச் சிலந்தி' என்று ஒரு நோய் இருந்தது நிஜம். படிக்கிணற்றிலும் குட்டையிலும் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்த காலத்தில், அந்தத் தண்ணீரில் இருந்த கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக ஒரு புழு உடம்புக்குள் போகும். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் உடைந்து, நூல் மாதிரி, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வெளியே வரும். அதை ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில், இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. எனவே, இன்று உங்கள் காலில் அந்தப் புழு இல்லை.

உங்களுக்கு இருப்பது 'சிலந்தி நரம்பு'. சொல் இடம் மாறியதில்தான் இவ்வளவு குழப்பமும். சிலந்தியின் கால் போல, வலை போலப் படர்ந்து தெரிவதால் இந்தப் பெயர். நாம் பேச்சில் 'நரம்பு' என்று சொன்னாலும் இது உணர்வு நரம்பு அல்ல, ரத்தக்குழாய். காலில் இருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போகும் குழாய்க்குச் 'சிரை' என்று பெயர். அந்தச் சிரையின் மிகச் சிறிய கிளைகள் விரிந்து, தோலுக்கு மேலே தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பருமன்தான். கீறினால் உள்ளே இருந்து வருவது ரத்தம் மட்டுமே. வயல் சேற்றில் நிற்கிற கால் அது. கீறிய புண்ணில் சீழ் பிடிக்கும், ரணஜன்னி வரவும் வழி உண்டு.

இது ஏன் வருகிறது?

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறும்போது திறக்கும். கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். வால்வு தேய்ந்துவிட்டால் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே திரும்பி இறங்கிவிடும். கால் சிரைகளுக்குள்ளும் அதே மாதிரி வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. மோட்டார் வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நாம் நடக்கும்போது அந்தச் சதை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். வால்வுகள் அதைத் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

அசையாமல் நிற்கும்போது மோட்டார் ஓடுவதில்லை. கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறிவிடும். நடக்கத் தொடங்கினால் அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வருடக்கணக்கில் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு அழுத்தம் தாங்காமல் சிறு குழாய்கள் விரிகின்றன, வால்வுகளும் தளர்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் தேங்கினால் பக்கத்து வரப்பில் கசிவது போலத்தான்.

நிற்பது மட்டும் காரணம் அல்ல. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன் மாறுகிறது, கர்ப்பப்பை வயிற்றுச் சிரைகளை அழுத்துகிறது. அதனால்தான் உங்களைப் போலப் பலருக்குப் பிள்ளைப்பேறோடு தொடங்குகிறது. பலருக்குப் பிரசவம் முடிந்து சில மாதங்களில் தானாக மங்கிவிடும், சிலருக்கு நின்றுவிடும். வயதும் உடல் எடையும் மற்ற காரணங்கள்.

சிகிச்சை வேண்டுமா?

வெறும் கோடுகள்தான், வலி இல்லை, வீக்கம் இல்லை என்றால் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. அசிங்கமாக இருக்கிறதே என்ற மனக்குறை இருந்தால், குழாய்க்குள் மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தி அதைச் சுருங்கவைக்கும் முறை இருக்கிறது. பல தடவை போட வேண்டியிருக்கும். கோடு மறைய வாரங்கள் ஆகும். ஊசி போட்ட இடத்தில் பழுப்புத் தழும்பு விழலாம். வேறு இடத்தில் புதுக் கோடுகள் வரவும் செய்யலாம். கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்ய மாட்டார்கள். பெரும்பாலும் இது அழகுக்கான சிகிச்சை. கடன் வாங்கிச் செய்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

மாலையில் கால் கனக்கிறது, கடுக்கிறது என்றால் இவற்றைச் செய்யுங்கள்:

• வேலை முடிந்து வந்ததும் பாயில் படுத்து, கால்களைத் தலையணை அல்லது அரிசி மூட்டை மேல் வைத்து, இதயத்தைவிட உயரமாக 15 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை முடிந்தால் நல்லது.

• நின்றாலும் உட்கார்ந்தாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை குதிகாலை 20 தடவை தூக்கித் தூக்கி இறக்குங்கள். மோட்டாரை ஓட்டிவிடுவது போல இது.

• கட்டிலில் படுப்பவர்கள் கால்மாட்டுப் பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

• எண்ணெய் தடவுவதால் கோடு மறையாது. தடவித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாகத் தடவுங்கள். அழுத்தி உருவுவது, சூடு வைப்பது, சுண்ணாம்பு பூசுவது எதுவும் வேண்டாம்.

"ஆரணி பக்கம் 30 வருடமாகக் குழித்தறியில் பட்டு நெய்கிறேன். வயது 54. கெண்டைக்காலில் நரம்பு புடலங்காய் மாதிரி சுருட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம் கருத்துப்போய் அரிக்கிறது. அதில் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் புண் வந்து நான்கு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இல்லை. தடவாத களிம்பு இல்லை. என்ன செய்வது?"
– நெசவாளர் ஒருவர்.

ஐயா, முதல் கேள்விக்கு 'விட்டுவிடலாம்' என்று பதில் சொன்னேன். உங்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது. இதை இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

சிலந்திக் கோட்டின் அண்ணன்தான் சுருள்சிரை. மருத்துவமனையில் 'வெரிகோஸ் வெயின்' என்பார்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, வளைந்து, தோலுக்கு மேலே புடைத்து நிற்கும். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தொடையின் பின்பக்கம் மேடை விளிம்பில் அழுந்த, நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறீர்கள். மிதிபலகையை மிதிப்பது கொஞ்சம் உதவும் என்றாலும், அது நல்ல நடைக்கு ஈடாகாது.

வால்வு கெட்டுப்போனதால் அழுக்கு ரத்தம் கணுக்காலைச் சுற்றித் தேங்குகிறது. தோல் கருக்கிறது, அரிக்கிறது, கடைசியில் உடைந்து புண்ணாகிறது. புண்ணுக்குக் காரணம் உள்ளே இருக்கும் அழுத்தம். அதனால்தான் களிம்பு மாற்றிக் களிம்பு போட்டும் ஆறவில்லை. பெருவிரலில் இருந்து முழங்கால் வரை முறையாகச் சுற்றும் அழுத்தக் கட்டுதான் இந்தப் புண்ணை ஆற்றும் முதல் மருந்து. ஆனால், நீங்களாகக் கட்டிக்கொள்ளாதீர்கள். காலுக்கு நல்ல ரத்தம் சரியாகப் போகிறதா என்று பாதத்தில் நாடி பார்த்த பிறகே கட்ட வேண்டும். அந்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் விரல் கருகிப்போகும் ஆபத்து உண்டு. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் இதில் இரட்டைக் கவனம் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டிய பரிசோதனை 'டாப்ளர் ஸ்கேன்'. வலி இல்லாதது. எந்த வால்வு கெட்டிருக்கிறது, உள் சிரையில் ரத்தக்கட்டி உண்டா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் கெட்ட சிரையை அடைப்பதா, அறுவை சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள். ஒரு சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று பயப்பட வேண்டாம். காலின் ரத்தத்தில் பெரும்பகுதியைத் தூக்கிப் போவது உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகள்தான்.

முதலில் செய்யாறு அல்லது ஆரணி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். திருவண்ணாமலை, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையில் அனுமதி கிடைக்கும் என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

புண் ஆறிய பிறகு 'வெரிகோஸ் வெயின் சாக்ஸ்' போடச் சொல்வார்கள். கடையில் கிடைத்ததை வாங்காமல், கால் அளவு எடுத்து, மருத்துவர் எழுதிய அழுத்த அளவில் வாங்குங்கள். காலையில் எழுந்து கால் தொங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். இரவில் கழற்றிவிட வேண்டும். ஆறு மாதத்தில் அதன் இறுக்கம் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சுருள்சிரை உள்ள எல்லோருக்கும். சிறு காயம் பட்டாலும் அந்தக் குழாய் உடைந்து ரத்தம் பீறிடலாம். அப்போது நிற்கவோ நாற்காலியில் உட்காரவோ கூடாது. உடனே படுக்கவையுங்கள். காலை உயரமாகத் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியை மடித்து வைத்து, விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கயிறு போட்டு இறுக்கக் கூடாது. பிறகு 108-ஐ அழையுங்கள். படுக்கவைத்துக் காலைத் தூக்கினாலே பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். இது தெரியாமல் நின்றபடியே காலைக் கழுவிக்கொண்டிருந்து உயிரையே விட்டவர்கள் உண்டு.

இன்னொன்று: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் உள் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

"என் தங்கை மகளுக்கு 21 வயது. கல்யாணத்துக்குப் பார்க்கிறோம். நிறம் கூடும் என்று ஒரு வருடமாக ட்யூப் மருந்து தடவுகிறாள். முதலில் முகம் வெளுத்தது. இப்போது கன்னத்தில் சிவப்பாக நூல் நூலாக நரம்பு தெரிகிறது. வெயிலில் போனால் எரிகிறது."
– வாசகி, செய்யாறு.

இது காலில் வருகிற சிலந்தி நரம்பு அல்ல. அந்த ட்யூப் கொடுத்தது. அதை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? அவை ஸ்டீராய்டு மருந்துகள். கரப்பானுக்கு மருத்துவர் பார்த்துக் குறைந்த நாளுக்குக் கொடுப்பவை. முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து வெளியே தெரியும். பருவும் முடியும்கூட வரும்.

நிறுத்தினால் சில நாளில் முகம் இன்னும் சிவந்து எரியும். 'மருந்து இல்லாவிட்டால் முகம் கெடுகிறது' என்று நினைத்து மறுபடி தடவுவார்கள். வலை அதுதான். எனவே, பெண்ணைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ட்யூபையும் கொண்டு போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். இத்தகைய பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு அவற்றை 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்துவிட்டது. கடைக்காரர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார் என்பதற்காக அது அழகு க்ரீம் ஆகிவிடாது. மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்கிறார்கள் என்றால், அதற்கு மருந்து பெண்ணின் முகத்தில் இல்லை.

"என் அண்ணனுக்கு 45 வயது. மார்பிலும் தோளிலும் சிவப்புப் புள்ளி வைத்து, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி கோடு பிரிகிறது. எட்டுப் பத்து இருக்கும். உஷ்ணக் கட்டி என்கிறார். தினமும் குடிக்கிறவர். சொன்னால் கேட்பதில்லை."
– வாசகர், வந்தவாசி.

நான்கு கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது இதுதான்.

நடுவில் இருக்கும் சிவப்புப் புள்ளியை ஒரு பேனா நுனியால் மெதுவாக அழுத்துங்கள். கோடுகள் எல்லாம் மறைந்து, எடுத்ததும் நடுவில் இருந்து வெளியே பரவி மறுபடி சிவக்கிறதா? அப்படியானால் அது கல்லீரல் கொடுக்கும் சைகையாக இருக்கலாம். ஒன்றிரண்டு இருந்தால் பயம் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்கூட வரும். ஆனால், குடிக்கிற ஒருவருக்கு மார்பு, கழுத்து, தோளில் இத்தனை இருந்தால் கல்லீரல் சுருங்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடிக்காதவர்களுக்கும் மஞ்சள் காமாலை 'பி', 'சி' வைரஸாலும் கொழுப்புக் கல்லீரலாலும் இது வரலாம்.

கல்லீரல் ரத்தப் பரிசோதனை, வைரஸ் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். உள்ளங்கை சிவப்பு, வயிறு உப்புவது, கால் வீக்கம், கண் மஞ்சள் ஏதாவது இருந்தால் இந்த வாரமே போங்கள். ரத்த வாந்தியோ கறுப்பாக மலமோ போனால் உடனே போங்கள். அதுவரை கல்லீரலுக்கு என்று யார் கொடுக்கும் பொடியும் லேகியமும் வேண்டாம். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம்; மருத்துவர் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு. யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். அண்ணனிடம் 'குடிக்காதே' என்று பத்தாவது தடவை சொல்வதைவிட, 'இந்தப் புள்ளிக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம், வா' என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

மறுபடி வெம்பாக்கம் சகோதரிக்கு வருகிறேன். 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்பது அது. நாள் முழுக்க நின்றால் கால் நரம்பு கெடுகிறது என்பதுதான் அதற்கு ஒரு காரணம். துணிக்கடைக்கு அந்தச் சட்டம் வந்துவிட்டது. வயலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நடவு நடுகிறவர்களுக்கு இடையில் பத்து நிமிடம் வரப்பில் கால் நீட்டி உட்கார விடுவது நிலக்காரர் கையில்தான் இருக்கிறது. இந்த இதழைப் படிக்கிறவர்களில் பலர் நிலக்காரர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் நடவு கெட்டுப்போகாது. அவர்கள் கால் கெடாமல் இருக்கும்.

உங்கள் மாமியாருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர் பார்த்த புழு போய்விட்டது என்று சொன்னால் சந்தோஷப்படுவார். அப்படியே அவருடைய கணுக்காலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவரும் முப்பது நாற்பது வருடம் அதே சேற்றில் நின்றவர்தானே?